டேக்வாண்டோவா, ஹாப்கிடோவா, டாங் சூ டோவா? தற்காப்புக்கும் ஒழுக்கத்துக்கும் எதைத் தேர்ந்தெடுப்பது

கொரியத் தற்காப்புக் கலை ஒன்றைக் கற்பது என்று முடிவெடுத்த பிறகுதான் பலருக்குக் குழப்பமே ஆரம்பிக்கிறது. "பையனுக்கு டேக்வாண்டோ போதுமா, ஹாப்கிடோவில் சேர்க்கட்டுமா?" என்று ஒருவர் கேட்பார். "நாற்பது வயதாகிறது, இனிமேல் காலைத் தூக்கி உதைக்க வருமா?" என்பார் இன்னொருவர். "யாராவது கையைப் பிடித்து இழுத்தால் விடுவித்துக்கொள்ளத் தெரிந்தால் போதும், எதில் சேரட்டும்?" என்று கேட்ட பெண்கள் பலர். நான் ஐந்து ஆண்டுகள் டேக்வாண்டோவும் அப்புறம் மூன்று ஆண்டுகள் ஹாப்கிடோவும் பயின்றவன். டாங் சூ டோ வகுப்பில் சில மாதங்கள் இருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்து எழுதுகிறேன்.

கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரே மூச்சில் இரண்டு வார்த்தைகளைச் சொல்கிறார்கள்: தற்காப்பு, ஒழுக்கம். ஒரு வகுப்பில் சேர்ந்தால் இரண்டும் சேர்ந்தே வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் இரண்டும் வேறு வேறு வழியாக வருகின்றன. ஒரே அசைவைச் சலிக்காமல் ஆயிரம் முறை செய்வதில் ஒழுக்கம் வருகிறது. வரிசையில் நிற்பது, வணங்குவது, எண்ணிக்கைக்கு ஏற்ப அசைவது என்று அங்கே எல்லாமே முன்கூட்டித் தெரிந்ததுதான். தற்காப்பு முன்கூட்டித் தெரியாததைச் சமாளிப்பது. எதிரே நிற்பவர் ஒத்துழைக்க மறுக்கும்போது உங்கள் உடம்பு என்ன செய்கிறது என்பதே அதில் கேள்வி. ஒரு மணி நேர வகுப்பில் ஒன்றுக்குக் கூடுதலாக நேரம் கொடுத்தால் மற்றதற்குக் குறையத்தான் செய்யும். உங்களுக்கு எது முதலில் வேண்டும் என்பதைத் தீர்மானித்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், எதிர்ப்பு. உங்களை உண்மையாகவே அடிக்கவும் தடுக்கவும் நழுவவும் முயலும் ஒருவரோடு வாரத்துக்கு எத்தனை நிமிடம் பயிற்சி கிடைக்கிறது? தற்காப்பைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய அளவுகோல் இல்லை என்றே சொல்வேன். காற்றில் அழகாக உதைப்பவர்கள் நிறையப் பேர். நகர்ந்துகொண்டே இருக்கும் ஆளின் மேல் அந்த உதை படுவது வேறு விஷயம்.

இரண்டாவது, தூரம். காலெட்டும் தூரம், கையெட்டும் தூரம், ஒருவரையொருவர் பிடித்துக்கொள்ளும் நெருக்கம், தரையில் விழுந்த பிறகு என்று மோதல் நான்கு இடங்களில் நடக்கலாம். எந்தக் கலையும் நான்கையும் ஒரே அளவில் கற்றுத் தருவதில்லை. விடுபடுவது எது என்று தெரிந்து சேர வேண்டும்.

மூன்றாவது, ஒழுக்கம். வகுப்பில் எவ்வளவு கண்டிப்பு என்பதை நான் பார்ப்பதில்லை. வகுப்பை விட்டு வெளியே வந்த பிறகும் கூடவே வரும் பழக்கம் எவ்வளவு என்பதைத்தான் பார்க்கிறேன்.

இவற்றோடு மூன்று நடைமுறைக் கேள்விகள் உண்டு. ஊர் மாறினால் தொடர முடியுமா? உடம்பில் எந்தப் பாகம் தேயும்? மாதக் கட்டணத்தைத் தாண்டி எதற்கெல்லாம் பணம் போகும்?

## டேக்வாண்டோ

'டே' என்றால் கால், 'க்வொன்' என்றால் மடக்கிய கை, 'டோ' என்றால் வழி. 1945-இல் ஜப்பானிய ஆட்சி முடிந்ததை ஒட்டி சியோலில் 'க்வான்' எனப்படும் பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. அவற்றைத் தொடங்கியவர்களில் பலர் ஜப்பானில் கராத்தே கற்றுத் திரும்பியவர்கள். 1955-இல் ராணுவ ஜெனரல் சோய் ஹாங் ஹியின் முயற்சியில் டேக்வாண்டோ என்ற பெயர் வந்தது. இன்றைய டேக்வாண்டோவில் கராத்தேயின் சாயல் தெரிவது இதனால்தான். உயரமான உதைகளும் சுழன்று உதைப்பதும் கொரியர்கள் அதன்மேல் வளர்த்தெடுத்தவை.

வகுப்பு தேடும்போது முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, டேக்வாண்டோவில் இரண்டு பெரிய குடும்பங்கள் உண்டு என்பது. ஒன்று, 1972-இல் சியோலில் திறக்கப்பட்ட குக்கிவொன் தலைமையகத்தையும் 1973-இல் தொடங்கிய உலக டேக்வாண்டோ கூட்டமைப்பையும் சார்ந்தது. ஒலிம்பிக்கில் நீங்கள் பார்ப்பது இதுதான். 1988-இலும் 1992-இலும் காட்சி விளையாட்டாக இருந்து, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் பதக்கப் போட்டியானது. மற்றொன்று, சோய் ஹாங் ஹி 1966-இல் தொடங்கிய சர்வதேச டேக்வாண்டோ கூட்டமைப்பு, சுருக்கமாக ஐ.டி.எஃப். அவர் 1972-இல் கனடாவுக்குக் குடிபெயர்ந்தார். 2002-இல் அவர் இறந்ததை ஒட்டி அந்த அமைப்பு பல துண்டுகளாகிவிட்டது. பலகையில் வெறுமனே 'டேக்வாண்டோ' என்று எழுதியிருந்தால் எந்தக் குடும்பம் என்று கேளுங்கள். தற்காப்பைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு சின்னது இல்லை.

ஒலிம்பிக் முறையில் முகத்தில் குத்தக் கூடாது. இடுப்புக்குக் கீழே உதைக்கக் கூடாது. மார்பில் விழும் குத்துக்கு ஒரு புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு இரண்டு, தலையில் விழும் உதைக்கு மூன்று. சுழன்று உதைத்தால் அதற்கு மேலும் இரண்டு. எதற்குப் புள்ளி கிடைக்கிறதோ அதைத்தான் உடம்பு கற்றுக்கொள்ளும். ஐந்தாண்டு கழித்து என்னை நானே ஒரு வீடியோவில் பார்த்தேன். இரண்டு கைகளும் தொடைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. முகத்துக்குக் குத்து வராது என்று என் கைகளுக்கு அவ்வளவு உறுதியாகத் தெரிந்திருந்தது! போட்டி அரங்கில் அது பிழையே இல்லை. தெருவில் முதல் அடியே முகத்துக்கு வரக்கூடும். ஐ.டி.எஃப். முறையில் கையுறை அணிந்து முகத்துக்கும் குத்தலாம் என்பதால் அங்கே கைகள் ஓரளவு மேலேயே இருக்கின்றன.

இந்தக் குறையைச் சொல்லிவிட்டு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று கலைகளிலும் எதிர்ப்போடு கூடிய பயிற்சி அதிகம் கிடைப்பது இங்கேதான். ஹோகு என்கிற மார்புக் கவசத்தை மாட்டிக்கொண்டு முதல் முறை ஸ்பாரிங், அதாவது இருவர் மோதிப் பழகும் பயிற்சிக்கு நிற்கும்போது, கவசத்தின் மேல் விழுந்தாலும் ஓர் உதை மூச்சை நிறுத்திவிடும். கண் இருட்டும். அடுத்த நொடி என்ன செய்வது என்று தெரியாது. மூன்று மாதம் கழித்து அதே உதை வாங்கியும் நீங்கள் நகர்ந்துகொண்டிருப்பீர்கள். அடிபட்டால் உறைந்துபோகாமல் இருப்பது எவ்வளவு பெரிய தற்காப்பு என்பது அடிபட்டவர்களுக்குத் தெரியும். காற்றில் உதைத்துப் பழகுவதில் இது வராது.

ஒழுக்கத்துக்கு டேக்வாண்டோ கட்டிவைத்திருக்கும் ஏணி தெளிவானது. வெள்ளை பெல்ட்டில் தொடங்கி மஞ்சள், பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு. ஒவ்வொரு படிக்கும் ஒரு பூம்சே, அதாவது கற்பனை எதிரிகளோடு செய்யும் அசைவுத் தொடர். குக்கிவொன் முறையில் கறுப்பு பெல்ட்டுக்கு முன் டேகுக் வரிசையில் எட்டு. ஐ.டி.எஃப். முறையில் ஒரு மனித வாழ்வை ஒரு நாளாகக் கொண்டு, 24 மணி நேரத்துக்கு 24 தொடர்கள். கறுப்பு பெல்ட்டோடு முடிந்துவிடுவதும் இல்லை, அதற்குள்ளேயே டான் என்ற படிகள் உண்டு. குக்கிவொன் கணக்கில் முதல் டானிலிருந்து இரண்டாவதுக்கு ஓர் ஆண்டாவது காத்திருக்க வேண்டும், அங்கிருந்து மூன்றாவதுக்கு இரண்டு, நான்காவதுக்கு மூன்று. 15 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு டான் கிடையாது. சிவப்பும் கறுப்பும் சேர்ந்த பெல்ட்டோடு 'பூம்' என்ற தகுதி.

எங்கள் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். மாஸ்டர் 'சாரியொத்' என்று குரல் கொடுத்ததும் எல்லாரும் கைகளை ஒட்டி நேராக நிற்க வேண்டும். அவனால் பத்து நொடி நிற்க முடியாது. பெல்ட் நுனியைக் கடிப்பான், பக்கத்துப் பையனின் காலை மிதிப்பான். மாஸ்டர் ஒரு நாளும் அவனைத் திட்டவில்லை. அவன் நிற்கும் வரை எண்ணத் தொடங்க மாட்டார், அவ்வளவுதான். இருபது பேரும் அவனுக்காகக் காத்திருப்போம். ஆறாவது மாதம் நான் தாமதமாக ஓடி வந்து வரிசையில் சேர்ந்தபோது, அவிழ்ந்து தொங்கிய என் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, அசையாமல் கண்ணால் மட்டும் அதைக் காட்டினான். டேக்வாண்டோ சிறுவர்களுக்கு ஏன் பொருந்துகிறது என்று யார் கேட்டாலும் எனக்கு அவன் முகம்தான் ஞாபகம் வரும்.

மறைந்திருக்கும் செலவு. ஒவ்வொரு பெல்ட் தேர்வுக்கும் தனிக் கட்டணம், புது பெல்ட், டான் சான்றிதழுக்குத் தனித் தொகை. ஹோகு, தலைக்கவசம், கைக்கும் காலுக்கும் காப்பு, பல் காப்பு, இடுப்புக்கீழ் காப்பு என்று கவசப் பட்டியல் நீளும். போட்டிக்குப் போனால் எலக்ட்ரானிக் காலுறையும் வார இறுதிகளும் சேரும். முழங்கால், இடுப்பு மூட்டு, தொடையின் பின் தசை ஆகியவை தேய்மானத்துக்கு உள்ளாகும். உடம்பைச் சரியாகச் சூடேற்றாமல் உயர உதைக்கச் சொல்லும் வகுப்பில் இது வேகமாக நடக்கும்.

இன்னொரு செலவு பணத்தில் தெரியாது. சில இடங்களில் பெல்ட்டைக் காலக்கெடு வைத்து விற்கிறார்கள். கொரியாவிலேயே சிறுவர்கள் ஏறக்குறைய ஓராண்டில் முதல் பூம் வாங்கிவிடுவது சாதாரணம். அங்கே வாரத்தில் ஐந்து நாள் பயிற்சி என்பதும், முதல் தகுதியைத் தொடக்கமாக மட்டுமே பார்க்கிறார்கள் என்பதும் அதற்குக் காரணம். வாரம் இரண்டு நாள் வகுப்பில் அதே வேகத்தில் கறுப்பு பெல்ட் தருவதாகச் சொன்னால், அந்த பெல்ட் உங்களுக்கு இல்லாத தைரியத்தைக் கொடுத்துவிடும். தற்காப்பில் அதைவிட ஆபத்தானது குறைவு.

எப்போது இது சரி. குழந்தைகளுக்கும் பதின்வயதினருக்கும், வேலை நிமித்தம் அடிக்கடி ஊர் மாறுகிறவர்களுக்கும், அடி வாங்கும் பயம் போக வேண்டும் என்பவர்களுக்கும். உலகில் எங்கே போனாலும் ஒரு டேக்வாண்டோ கூடம் கிடைக்கும், குக்கிவொன் டான் செல்லுபடியாகும்.

## ஹாப்கிடோ

'ஹாப்' சேர்வது, 'கி' உயிராற்றல், 'டோ' வழி. ஜப்பானின் ஐகிடோவை எழுதும் அதே சீன எழுத்துகள்தான் இதற்கும். சிறுவயதில் ஜப்பானுக்குப் போய், 1945-க்குப் பிறகு கொரியா திரும்பிய சோய் யோங்-சூல் என்பவரிடமிருந்து இது தொடங்குகிறது. டேகு நகரில் ஒரு மதுபான ஆலையில் தானியம் வாங்க வந்த இடத்தில் தகராறு வந்து, தன்னைச் சூழ்ந்தவர்களை அவர் ஒவ்வொருவராகச் சாய்த்தாராம். மேலிருந்து பார்த்த ஆலைக்காரர் சோ போக்-சோப், தானே ஜூடோவில் கறுப்பு பெல்ட் வாங்கியவர், அவரைக் கூப்பிட்டுக் கற்றுத் தரச் சொன்னார். 1948-இல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை இது. டைட்டோ-ரியூ ஜுஜுட்சு என்ற ஜப்பானியப் பிடிக்கலையின் வேர்கள் இதில் இருப்பது அசைவுகளைப் பார்த்தாலே தெரியும். உதைகளும் குத்துகளும் பிறகு சேர்ந்தன. அதில் பெரும்பங்கு சோய் யோங்-சூலின் மாணவர் ஜி ஹான்-ஜேவுடையது. அவர் கொரிய அதிபரின் பாதுகாவலர்களுக்கும் பயிற்சி கொடுத்தவர்.

இதன் களம் நெருக்கமான தூரம். மணிக்கட்டைப் பிடிப்பது, சட்டையைப் பற்றுவது, பின்னாலிருந்து கட்டிப்பிடிப்பது, கழுத்தில் கை போடுவது ஆகியவைதான் பாடத்திட்டத்தின் தொடக்கம். மூட்டைத் திருகிப் பூட்டுதல், தள்ளி வீழ்த்துதல், தாழ்வான உதைகள், அப்புறம் விழக் கற்றல். மேல்நிலையில் குட்டைக் கம்பு, கைத்தடி, கயிறு.

டேக்வாண்டோவிலிருந்து போன எனக்கு முதல் நாளே பாடம். என்னைவிட ஒரு தலை குட்டையான அக்கா ஒருவர் வந்து என் வலது மணிக்கட்டைப் பிடித்தார். என் முழங்கால் தானாக மேலே வந்தது. உதைக்க இடமில்லை, அவர் அவ்வளவு பக்கத்தில் நின்றார். கையை இழுத்தேன். இழுக்க இழுக்க அவர் கூடவே வந்தார். மாஸ்டர் பக்கத்தில் வந்து, "கையை இழுக்காதீங்க தம்பி. கை அவங்க கிட்டயே இருக்கட்டும், முழங்கையை மட்டும் முன்னால கொண்டு வாங்க" என்றார். ஒருவர் நம் மணிக்கட்டைப் பிடிக்கும்போது நான்கு விரல்கள் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். அந்தக் கட்டைவிரல் நுனி விரல்களைச் சந்திக்கும் இடைவெளிதான் பூட்டின் வாய். நம் மணிக்கட்டின் மெல்லிய பக்கம் அந்த இடைவெளிக்கு நேராக வரும்படி திருப்பி, ஓர் அடி உள்ளே வைத்து முழங்கையை முன்னால் மடக்கினால் கை வெளியே வந்துவிடும். பலம் தேவையே இல்லை. அன்று மாலை வீட்டில் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இருபது முறையாவது செய்து பார்த்திருப்பேன்.

ஆனால் ஹாப்கிடோவின் பெரிய ஆபத்தும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வகுப்பில் உங்களைப் பிடிப்பவர் பிடித்துவிட்டு அசையாமல் நிற்பார். நீங்கள் திருகுவீர்கள், அவர் அழகாக விழுவார். அவர் விழுவது பெரும்பாலும் தன் மூட்டைக் காப்பாற்றிக்கொள்ள. புதிதாகக் கற்பவர் அதைத் தன் திறமை என்று எடுத்துக்கொள்வார். ஓராண்டு கழித்து ஒரு சீனியரிடம், "விழாமல் எதிர்த்து நில்லுங்கள்" என்று கேட்டுக்கொண்டேன். நான் அதுவரை கற்ற பன்னிரண்டு பூட்டுகளில் இரண்டுதான் வேலை செய்தன. அவமானமாக இருந்தது, ஆனால் அந்த இரண்டும் எனக்குக் கிடைத்துவிட்டன. நல்ல ஹாப்கிடோ வகுப்பில் இப்படி எதிர்க்க விடும் நேரம் வாரந்தோறும் இருக்கும். பல இடங்களில் அது இல்லவே இல்லை.

ஒழுக்கத்தைப் பொறுத்தவரை இங்கே வேறு வகை. வரிசையில் நின்று கத்தும் மிடுக்கு குறைவு. இன்னொருவரின் மணிக்கட்டு உங்கள் கையில் இருக்கிறது, இன்னும் கொஞ்சம் திருகினால் உடைந்துவிடும், அவர் தரையைத் தட்டியதும் அந்த நொடியே விட வேண்டும். இந்தப் பொறுப்பு கோபக்காரர்களை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அடிவயிற்றில் மூச்சை இறக்கிச் செய்யும் பயிற்சியோடு சில வகுப்புகள் தொடங்கும். அதைச் சடங்கு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். பதற்றத்தில் மூச்சு மேலேறும்போது அதை இறக்கத் தெரிந்திருப்பது எந்தப் பூட்டைவிடவும் கைகொடுக்கும்.

மறைந்திருக்கும் செலவு. பணம் டேக்வாண்டோவைவிடக் குறைவு, ஏனென்றால் கவசம் அதிகம் வேண்டாம். காலம் கூடுதல். இரண்டு ஆண்டுகள் ஆகும் வரை கையில் ஒன்றும் இல்லாததுபோலவே இருக்கும். மணிக்கட்டும் தோளும் வலித்துக்கொண்டேயிருக்கும். ஒரே தலைமை அமைப்பு கிடையாது, கூட்டமைப்புகள் பல. ஒரு கூட்டமைப்பில் வாங்கிய டானை இன்னொன்று ஏற்காமல் போகலாம். ஊர் மாறினால் அடுத்த மாஸ்டர் வேறு பாடத்திட்டம் வைத்திருக்கக்கூடும். எல்லாவற்றையும்விட முக்கியமாக, உங்கள் முன்னேற்றம் உங்களோடு பயிற்சி செய்பவரைப் பொறுத்தது. ஐந்து பேர் மட்டும் வரும் வகுப்பில், அந்த ஐந்து பேரும் மென்மையானவர்களாக இருந்தால், நீங்களும் மென்மையாகவே இருந்துவிடுவீர்கள்.

எப்போது இது சரி. பிடித்து இழுக்கப்படும் அபாயம்தான் உங்கள் பயம் என்றால் முதலில் இதைத் தேடுங்கள். பாதுகாப்புப் பணியிலோ மருத்துவமனையிலோ, எதிராளியைக் காயப்படுத்தாமல் கட்டுப்படுத்த வேண்டிய வேலையில் இருப்பவர்களுக்கும் இதுவே. உயர உதைக்க உடம்பு இடம் தராத வயதிலும் கற்கலாம், ஆனால் விழக் கற்பதை மெதுவாகத் தொடங்கும் மாஸ்டர் கிடைக்க வேண்டும்.

## டாங் சூ டோ

ஹ்வாங் கீ என்பவர் 1945 நவம்பர் 9 அன்று தொடங்கிய மூ டுக் க்வான் பள்ளியோடு இந்தக் கலையின் பெயர் பிணைந்திருக்கிறது. 'டாங் கை வழி' என்பது பொருள்; டாங் என்பது பழைய சீன அரசமரபின் பெயர். கராத்தே என்ற சொல்லைப் பழைய முறையில் எழுதிய அதே சீன எழுத்துகள்தான் இவை. மற்ற க்வான்கள் டேக்வாண்டோ என்ற ஒரே பெயருக்குள் இணைந்தபோது இந்தப் பள்ளியின் ஒரு பிரிவு சேராமல் நின்றது. அமெரிக்க நடிகர் சக் நோரிஸ், விமானப்படை வீரராக கொரியாவின் ஓசானில் இருந்தபோது கற்றது இதைத்தான்.

கராத்தே தெரிந்தவர் இந்த வகுப்பைப் பார்த்தால் வீடு வந்ததுபோல் உணர்வார். ப்யுங் ஆன் என்ற ஐந்து தொடர்கள் கராத்தேயின் ஹெயான் தொடர்களோடு பெரிதும் ஒத்துப்போகும். கையும் காலும் ஏறக்குறைய சமமாகப் பயன்படும். சில கிளைகளில் கறுப்பு பெல்ட்டுக்குப் பதில் நள்ளிரவு நீலம்: கறுப்புக்கு மேல் வேறு நிறம் ஏறாது, கற்பது முடிந்துவிட்டதுபோல் ஆகிவிடும் என்பதால்.

நான் இருந்த சில மாதங்களில் எனக்குப் பிடித்தது அங்கிருந்த பொறுமை. நிற்கும் நிலையைத் திருத்த மாஸ்டர் ஒரு வகுப்பு முழுக்கச் செலவழித்தார். பின்னங்காலின் குதிகால் ஒரு விரலளவு தள்ளியிருந்தது, அவ்வளவுதான் பிழை. போட்டியைப் பற்றி யாரும் பேசவில்லை. மூன்றில் ஒழுக்கத்துக்காக மட்டும் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், வயது வந்தவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். தற்காப்புக்கு இதுவே போதும் என்று சொல்ல மாட்டேன். ஸ்பாரிங் பெரும்பாலும் மெல்லத் தொட்டுப் புள்ளி எடுக்கும் முறை. பிடியும் தரையும் குறைவு. கூடங்கள் எண்ணிக்கையில் டேக்வாண்டோவுக்குப் பக்கத்திலேயே வராது, ஊர் மாறினால் தொடர்வது கடினம். செலவு மிதமாக இருக்கும், உடம்பும் அதிகம் தேயாது.

## மற்றவை, சுருக்கமாக

டேக்கியோன் கொரியாவின் பழைய கால்கலை. முக்கோணமாக அடி எடுத்து வைத்து, நடனம்போல் அசைந்து எதிராளியை இடறுவது. சோங் டோக்-கி என்ற முதியவர் காப்பாற்றிக் கொடுத்ததால் பிழைத்தது. 1983-இல் கொரிய அரசு பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது, 2011-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பார்க்கவே மனம் நிறையும். கொரியாவுக்கு வெளியே ஆசிரியர் கிடைப்பது அரிது, கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

குக் சூல் வொன், சோ இன்-ஹ்யுக் தொகுத்த பெரிய பாடத்திட்டம்: பூட்டு, உதை, வீழ்த்தல், வாள், கம்பு எல்லாம் உண்டு. பத்தாண்டுகள் ஒரே இடத்தில் இருக்கப்போகிறவர்களுக்குச் சரி. இரண்டு ஆண்டுதான் நேரம் என்றால், எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்து எதிலும் கை படியாமல் நிற்க நேரிடும்.

சிரும் கொரிய மல்யுத்தம். இடுப்பிலும் தொடையிலும் சுற்றிய துணியைப் பற்றித் தூக்கி வீழ்த்துவது. முழு எதிர்ப்போடு பழகும் கலை என்பதால் தற்காப்புக்கு இதன் அடித்தளம் நல்லது, ஆனால் வகுப்பு கிடைப்பது டேக்கியோனைப் போலவே. கும்டோ, மூங்கில் வாளால் பழகும் ஜப்பானியக் கெண்டோவின் கொரிய வடிவம். ஒழுக்கத்துக்கு அருமை, தற்காப்புக்கென்று சேர வேண்டாம்.

## ஒரு பார்வையில்

| | டேக்வாண்டோ | ஹாப்கிடோ | டாங் சூ டோ |
|---|---|---|---|
| எதிர்ப்போடு பயிற்சி | நிறைய, ஆனால் விளையாட்டு விதிகளுக்குள் | மாஸ்டரைப் பொறுத்தது, பல இடங்களில் குறைவு | மிதம், மெல்லத் தொடும் அளவில் |
| பழகும் தூரம் | காலெட்டும் தூரம் | பிடியும் நெருக்கமும் | காலும் கையும் |
| விடுபடுவது | முகத்துக்கு வரும் குத்து (ஒலிம்பிக் முறை), பிடி, தரை | நகர்ந்து அடிப்பவரைச் சமாளிப்பது, தரையில் நீண்ட போராட்டம் | பிடி, தரை |
| ஒழுக்கம் வரும் வழி | படிப்படியான பெல்ட், வரிசை, போட்டி | எதிராளியின் மூட்டுக்குப் பொறுப்பேற்பது, மூச்சு | நுணுக்கம், பொறுமை |
| தேயும் இடம் | முழங்கால், இடுப்பு | மணிக்கட்டு, தோள் | ஒப்பிட்டால் குறைவு |
| ஊர் மாறினால் | எளிது | சிரமம் | சிரமம் |

கத்தி வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். மூன்று கலைகளிலும் கத்தித் தடுப்பு என்று சில அசைவுகள் உண்டு. ரப்பர் கத்தியின் நுனியில் சாயம் தடவி, எதிரே இருப்பவரை விருப்பம்போல் குத்தச் சொல்லி ஒரு முறை செய்து பாருங்கள். சட்டை முழுக்கச் சாயமாகும். ஓட வழி இருந்தால் ஓடுவதும், வழியை முன்பே பார்த்து வைப்பதும்தான் அங்கே தற்காப்பு. இதை வாய்விட்டுச் சொல்லும் மாஸ்டரை நம்பலாம். நான்கு அசைவில் கத்தியைப் பிடுங்கிக் காட்டுபவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

## யாருக்கு எது

பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் யோசிக்கவே வேண்டாம், டேக்வாண்டோ. வளரும் மூட்டுகளைத் திருகும் பயிற்சிக்கு அவசரம் எதுவும் இல்லை. பதினைந்து, பதினாறில் விருப்பம் இருந்தால் ஹாப்கிடோவைச் சேர்த்துக்கொள்ளலாம்.

தற்காப்பு மட்டுமே நோக்கம், ஓராண்டுதான் நேரம் என்றால், எதிர்க்க விடும் ஹாப்கிடோ வகுப்பு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கிடைக்காவிட்டால் முகக் குத்தை அனுமதிக்கும் ஐ.டி.எஃப். வகுப்பு. ஒலிம்பிக் முறை வகுப்பு மட்டுமே இருக்கிறது என்றாலும் சேருங்கள், ஆனால் ஸ்பாரிங்கின்போது கைகளை மேலே வைத்தே பழகுகிறேன் என்று மாஸ்டரிடம் சொல்லிவிடுங்கள். புள்ளிகள் கொஞ்சம் குறையும், போகட்டும்.

மனசு ஓரிடத்தில் நிற்க வேண்டும், சண்டை பற்றிக் கவலை இல்லை என்கிற பெரியவர்களுக்கு டாங் சூ டோ. அது பக்கத்தில் இல்லையென்றால் போட்டியைத் துரத்தாத டேக்வாண்டோ கூடம்.

ஐந்து ஆண்டுகள் ஒதுக்க முடியும் என்பவர்களுக்கு, நான் போன வரிசையையே, ஆண்டுகளைக் குறைத்துச் சொல்வேன்: முதல் மூன்று ஆண்டு டேக்வாண்டோ, பிறகு ஹாப்கிடோ. அடி வாங்கிப் பழகிய உடம்போடு பூட்டுகளைக் கற்கப் போனால், எந்தப் பூட்டு பொய் என்று சீக்கிரம் தெரிந்துவிடும். வரிசையை மாற்றினால் அது தெரிய நாளாகும்.

## சேரும் முன் பார்க்க வேண்டியவை

பலகையில் இருக்கும் கலையின் பெயரைவிட உள்ளே இருக்கும் மாஸ்டர் முக்கியம். மேலே எழுதிய எல்லாவற்றையும் ஒரு நல்ல மாஸ்டர் பொய்யாக்கிவிடுவார். கை தொங்கவிடாத டேக்வாண்டோவும், அசையாமல் நிற்பவரைப் பிடித்துக் கொடுக்காத ஹாப்கிடோவும் இருக்கத்தான் செய்கின்றன.

கறுப்பு பெல்ட்டுக்கு எவ்வளவு காலம் ஆகும் என்று கேளுங்கள். "உங்களைப் பொறுத்தது" என்ற பதில் நல்லது. தேதி சொன்னாலோ, முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டாலோ, கிளம்பிவிடலாம். முதல் டான் வரை ஆகும் எல்லாக் கட்டணங்களையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். டான் சான்றிதழ் எந்த அமைப்பின் பெயரில் வரும் என்பதையும் அதிலேயே எழுதி வாங்குங்கள். யாருக்காவது காயம் பட்டால் என்ன செய்வார்கள் என்று கேளுங்கள். மாஸ்டர் தன் மாணவர்களின் பழைய காயங்களை ஞாபகம் வைத்திருக்கிறாரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

சோதனை வகுப்புக்குக் கூப்பிடும்போது, பெரும்பாலும் அடிப்படை உதைகள் நடக்கும் நாளைத்தான் சொல்வார்கள். ஸ்பாரிங் எந்தக் கிழமை என்று கேட்டு அன்றைக்குப் போங்கள். ஓரமாக உட்கார்ந்து கடைசி அரை மணி நேரத்தைப் பாருங்கள். பெரிய பெல்ட்காரர் ஒருவர் புதிதாக வந்தவரோடு மோதும்போது எவ்வளவு வேகம் காட்டுகிறார், புதியவர் திணறியதும் என்ன செய்கிறார், மாஸ்டரின் கண் அந்த நேரத்தில் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள்.